நூலகத்தின் சாவி யாரிடம்? பரோடா சயாஜிராவ் கெய்க்வாட்டின் வாழ்வும் பொது நூலகங்களும்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றைப் பயில்வோர் யாவரும் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் பெயரைக் கடந்தே செல்கின்றனர். கல்லூரிப் படிப்புக்கும், பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்புக்கும் உதவித்தொகை வழங்கியவர் என்ற அளவில் அப்பெயர் நம் நினைவில் தங்கிவிடுகிறது. அதற்கப்பால் அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் அரசின் பொறுப்பில், தலைநகர் தொடங்கிச் சிறு நகரங்கள் வழியாகச் சிற்றூர்கள் வரை, பொது நூலகங்களின் வலைப்பின்னலைக் கட்டியமைத்த முன்னோடி அவர். நம் சிறு நகரங்களில் கிளை நூலகங்கள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பரோடாவின் சிறு நகரங்களில் அவை இயங்கத் தொடங்கிவிட்டன.

அந்நூலகங்களின் வரலாற்றை ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நின்று படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அனைவருக்கும் உரியது என அரசு அறிவித்த ஒரு பொது நிறுவனம், நடைமுறையில் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது? சயாஜிராவின் வாழ்க்கை இக்கேள்விக்குத் தெளிவான பாடங்களைத் தருகிறது. அவர் எவற்றை அரசின் கடமையாக ஏற்றார், எவற்றை ஊராரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டார் என்பதைப் பிரித்தறிவதே நம் நோக்கம். புரவலர்களின் பட்டியலில் அவருக்கு ஒரு மாலை சூட்டி நகர்ந்துவிடுவதால் நமக்கு எவ்விதப் பயனும் இல்லை.

உழவர் வீட்டிலிருந்து அரியணைக்கு

1863 மார்ச் 11 அன்று, இன்றைய மகாராட்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்திலுள்ள கவ்லானா என்னும் சிற்றூரில் கோபால்ராவ் என்ற பெயருடன் அவர் பிறந்தார். தந்தை காசிராவ், கெய்க்வாட் மரபின் ஒரு கிளையைச் சேர்ந்தவர். ஆயினும் அக்குடும்பம் அரண்மனை வாழ்விலிருந்து வெகுதொலைவில், உழவுத் தொழிலால் வாழ்ந்து வந்தது.

பரோடாவை ஆண்ட மல்ஹார்ராவ், ஆட்சிச் சீர்கேட்டின் பேரில் 1875இல் ஆங்கிலேயரால் பதவி நீக்கப்பட்டார். அவருக்கு முன் ஆண்ட காண்டேராவின் மனைவி ஜம்னாபாய்க்குத் தத்தெடுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. காசிராவின் மகன்கள் பரோடாவுக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுள் கோபால்ராவ் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1875 மே 27 அன்று சயாஜிராவ் என்ற புதிய பெயருடன் அரியணைக்கு உரியவரானார்.

அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு, எழுத்தறிவு இல்லை. எலியட் என்ற ஆங்கில ஆசிரியரின் பொறுப்பில் அவருக்கெனத் தனிப் பள்ளி நடத்தப்பட்டது. மராத்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளும் வரலாறும் கணக்கும் அவருக்குக் கற்பிக்கப்பட்டன. ஆட்சிமுறையைக் கற்பித்தவர் அன்றைய திவான் சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் தஞ்சை மராத்தியக் குடும்பமொன்றில் பிறந்து, திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாகப் பணியாற்றியபின் பரோடாவுக்கு வந்தவர் அவர். 1881 டிசம்பர் 28 அன்று சயாஜிராவ் முழு ஆட்சியதிகாரத்தையும் ஏற்றார்.

பன்னிரண்டு வயது வரை எழுத்தறியாத ஒரு சிறுவன் ஆறாண்டுகளில் ஒரு நாட்டை ஆளும் கல்வியைப் பெற்றான் என்பது கருதத்தக்கது. அறிவு பிறப்போடு வருவதன்று, செலவும் ஆசிரியரும் நூல்களும் வாய்த்தால் எவருக்கும் வருவது என்பதற்கு அம்மன்னரின் வாழ்வே சான்றாக இருந்தது. சாதி இதற்கு நேர்மாறானதைக் கற்பித்துக்கொண்டிருந்தது. மராத்திய மன்னர்களையும் சூத்திரர் எனக் கருதி வேதமுறைச் சடங்குகளை மறுத்த பார்ப்பனப் புரோகிதர்களோடு அவரும் மோத நேர்ந்தது. ஆயினும் சூத்திரர் என்று இகழப்பட்ட ஒரு மன்னருக்கும், மனிதராகவே மதிக்கப்படாத அவருடைய குடிகளுக்கும் இடையே இருந்த தொலைவு மிகப் பெரிது.

பள்ளிக்கூடத்தில் தொடங்கிய மோதல்

பரோடா அரசு தொடர்ச்சியான நிலப்பரப்பாக அமையவில்லை. பரோடா, கடி, நவ்சாரி, அம்ரேலி என்னும் நான்கு பிராந்தியங்கள், பிரித்தானியப் பகுதிகளுக்கும் பிற சிற்றரசுகளுக்கும் இடையே சிதறிக் கிடந்தன. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 20 லட்சம்.

ஆட்சிக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே தீண்டப்படாதோரின் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகளை அரசு தொடங்கியது. அம்மக்களை அரசு ஆவணங்கள் அந்தியஜர், அதாவது பிறப்பால் கடைப்பட்டோர் என்று குறித்தன. பெயரிடலிலேயே இழிவு இருந்தது. அப்பள்ளிகளுக்குச் செல்லச் சாதி இந்து ஆசிரியர்கள் மறுத்தனர். அரசு ஊதியம் அளித்தும், வேலை நிலையானதாக இருந்தும், மறுப்பு தொடர்ந்தது. எனவே இஸ்லாமிய ஆசிரியர்களும், பின்னர் ஆரிய சமாஜத்தினரும் அப்பள்ளிகளில் அமர்த்தப்பட்டனர். 1908இல் பண்டித ஆத்மாராம் அமிர்தசரி பஞ்சாபிலிருந்து வரவழைக்கப்பட்டு, இப்பள்ளிகளின் மேற்பார்வைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விடுதிகளும் உதவித்தொகைகளும் ஏற்படுத்தப்பட்டன.

1893இல் அம்ரேலியிலும் அதனைச் சூழ்ந்த சில ஊர்களிலும் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனை முறையில் சயாஜிராவ் நடைமுறைப்படுத்தினார். 1906இல் அது அரசு முழுவதற்கும் விரிந்தது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளும், ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பெண் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பது சட்டமாயிற்று. பிரித்தானிய இந்தியாவில் கட்டாயக் கல்விக்காகக் கோகலே கொண்டுவந்த சட்ட முன்வரைவு 1911-12இல் தோற்கடிக்கப்பட்டதை இதனோடு ஒப்பிட்டால், இச்செயலின் அளவு விளங்கும்.

இந்தத் தொடக்க அனுபவத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது. பள்ளியைத் திறக்க அரசாணை போதும். அப்பள்ளிக்குள் சென்று பாடம் நடத்தும் மனிதரை அரசாணையால் உருவாக்க இயலவில்லை. நூலகங்களின் கதையிலும் இவ்வுண்மை மீண்டும் தலைகாட்டும்.

நூலகம் ஏன் தேவைப்பட்டது

கட்டாயக் கல்வி ஒரு புதிய சிக்கலை உண்டாக்கியது. நான்கைந்து ஆண்டுகள் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைகள், பள்ளியை விட்டு வயலுக்கும் பட்டறைக்கும் சென்றதும் படிப்பதற்கு ஒன்றுமின்றிக் கற்றதை மறந்தனர். பள்ளிக்குச் செலவிட்ட பணம் வீணாகாதிருக்க வேண்டுமானால், பள்ளியை விட்ட பின்னும் கையில் ஒரு நூல் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற முடிவுக்குச் சயாஜிராவ் வந்தார். 1906இல் அமெரிக்கா சென்றபோது அங்குள்ள இலவசப் பொது நூலகங்களை அவர் நேரில் கண்டார். 1910இல் மீண்டும் சென்றபோது, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் நூலகராக இருந்த வில்லியம் அலன்சன் போர்டனைப் பரோடாவுக்கு அழைத்து வந்தார்.

போர்டன் 1910 முதல் 1913 வரை பரோடாவில் பணியாற்றினார். தலைநகரில் மைய நூலகம் அமைக்கப்பட்டது. மன்னரின் சொந்த நூல்கள் ஏறத்தாழ 20,000 அதன் அடித்தளமாக வழங்கப்பட்டன. பெண்களுக்குத் தனிப் படிப்பறையும், சிறுவர்களுக்குத் தனிப் பிரிவும் ஏற்பட்டன. 1911இல் நூலகர் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நூல்களை அடுக்கிக் காவல் காப்பவரே நூலகர் என்றிருந்த நிலை மாறி, நூலகப்பணி கற்றுத் தேற வேண்டிய ஒரு தொழில் என்னும் எண்ணம் இந்திய மண்ணில் வேர்விட்ட இடங்களுள் இவ்வகுப்பு முதன்மையானது. 1912 முதல் நூலகத்துக்கென்றே ஓர் இதழும் வெளிவந்தது.

தலைநகருக்கு வெளியே நூலகங்களைப் பரப்பும் பொறுப்பு மோதிபாய் அமீன் என்னும் பள்ளி ஆசிரியரிடம் வந்தது. அவர் ஏற்கெனவே நண்பர் குழுக்களைத் திரட்டி, ஊர்தோறும் செய்தித்தாள்களையும் நூல்களையும் கூட்டாக வாங்கிப் படிக்கும் மன்றங்களை உருவாக்கி வந்தவர். அரசின் பணமும் அவருடைய உழைப்பும் ஒன்றிணைந்தன. ஊர் ஊராகச் சென்று மக்களைக் கூட்டிப் பேசி, நூலகங்களைத் தோற்றுவித்தார். நூல்களையும் தளவாடங்களையும் மலிவாகப் பெறுவதற்கு நூலகங்களுக்கான கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் அமைந்தது.

நூலகம் இல்லாத ஊர்களுக்குப் பயண நூலகப் பெட்டிகள் சென்றன. உறுதியான மரப்பெட்டியில் பதினைந்து முதல் முப்பது நூல்கள் வரை அடுக்கப்பட்டு, போக்குவரத்துச் செலவை அரசே ஏற்று, கேட்ட ஊருக்கு அனுப்பப்பட்டது. படித்து முடித்ததும் பெட்டி திரும்பும். வேறு பெட்டி போகும். எழுத்தறியாதோருக்காகக் காட்சிவழிக் கல்விப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டு, படவிளக்குகளும் திரைப்படக் கருவியும் ஊர்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே நூலகம் உரியது என்ற வரம்பை இப்பிரிவு தளர்த்தியது.

1920களின் இறுதியில் பரோடா அரசில் நாற்பதுக்கும் மேற்பட்ட நகர நூலகங்களும், அறுநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர் நூலகங்களும் இயங்கின. அக்காலத்தில் பிரித்தானிய இந்தியாவின் எந்த மாகாணத்திலும் இதற்கு நிகரான அமைப்பு இருக்கவில்லை.

மூன்றில் ஒரு பங்கு

இவ்வளவு விரைவாக நூலகங்கள் பெருகியதற்குக் காரணம் ஓர் எளிய நிதி ஏற்பாடு. ஊர் மக்கள் ஒரு பங்கைத் திரட்ட வேண்டும். பிராந்தியப் பஞ்சாயத்து அதே அளவு தரும். அரசின் மைய நூலகத் துறை மூன்றாவது பங்கைத் தரும். ஆண்டொன்றுக்குப் பிராந்தியத் தலைநகருக்கு 700 ரூபாய் வரையிலும், வட்டத் தலைநகருக்கு 300 ரூபாய் வரையிலும், சிற்றூருக்கு 100 ரூபாய் வரையிலும் ஒவ்வொரு பங்கின் உச்சவரம்பு அமைந்தது. நூலகக் கட்டடங்களுக்கும் இதே மூன்று பங்கு முறை பின்பற்றப்பட்டது.

இம்முறைக்கு நல்ல பக்கம் உண்டு. மக்கள் தாங்களே பங்களித்த நிறுவனத்தைத் தங்களுடையதாகப் பேணினர். மன்னரின் மறைவோடு மறைந்துவிடக்கூடிய அரண்மனைக் கொடையாக நூலகம் இருக்கவில்லை. இன்றும் குஜராத்தின் பழைய பரோடா பகுதிகளில் நூலகப் பற்று வலுவாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். ஊர் மக்களின் பங்கு என்பது யாருடைய பங்கு? 1907இல் மெட்ரிகுலேசன் தேறிய பீமராவ் என்னும் மகர் இளைஞனுக்குச் சயாஜிராவ் வழங்கிய கல்லூரி உதவித்தொகை மாதம் 25 ரூபாய். ஓர் இளைஞன் கல்லூரியில் படித்து வாழ அத்தொகை போதுமானதாகக் கருதப்பட்டது. ஒரு சிற்றூர் தன் நூலகத்துக்கு முழுமையான உதவி பெறத் திரட்ட வேண்டியது அதைப்போல் நான்கு மடங்கு. நிலமுடையோராலும் வணிகராலும் அத்தொகையைத் தர முடியும். தோல் பதனிடுவோரும், துப்புரவுப் பணி செய்வோரும், பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்போரும் அதைத் திரட்டியிருக்க வழியில்லை. பரோடாவின் வளமான சரோத்தர் பகுதியில் நிலமும் ஊர் நிர்வாகமும் பாட்டீதார் சாதியின் கையில் குவிந்திருந்தன. நூலகப் பங்கைத் திரட்டும் வலிமை எங்கே இருந்ததோ, நூலகக் குழுவை அமைக்கும் வலிமையும் அங்கேதான் இருந்தது.

பங்கு தருபவர் இடத்தையும் முடிவு செய்கிறார். கட்டடம் ஊரின் நடுவே எழும். இந்திய ஊரின் நடுவிடம் தீண்டப்படாதோர் கால் வைக்கத் தயங்கும் இடமாகவே வரலாறு நெடுகிலும் இருந்து வந்துள்ளது. வாயிலில் தடைப்பலகை எதுவும் தொங்க வேண்டிய தேவையே இல்லை. எந்தத் தெரு வழியாக நூலகத்துக்குச் செல்ல வேண்டும், அங்கே சாவியை வைத்திருப்பவர் யார், நூலை அவர் கையில் தருவாரா, தரையில் வைப்பாரா என்பவை எழுதப்படாத விதிகளாகச் செயல்பட்டுவிடும். மன்னர் அமெரிக்காவிலிருந்து நூலகரையும் அட்டவணை முறையையும் கொண்டுவந்தார். ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லைக்கோட்டை அழிக்கும் ஏற்பாடு எதுவும் அந்தப் பங்கு முறைக்குள் இருக்கவில்லை.

தலைநகரிலேயே கிடைத்த சான்று

இதை நம் ஊகம் என்று எவரேனும் சொல்லக்கூடும். அதே பரோடா நகரில் 1917இல் நிகழ்ந்ததை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அம்பேத்கர் பம்பாயில் பள்ளி மாணவராக இருந்தபோது, பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து படிக்கும் வழக்கமுடையவர். அங்கேதான் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்னும் ஆசிரியர் அவரைக் கண்டறிந்தார். தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்ததும், சயாஜிராவின் உதவி கிடைக்க வழிசெய்ததும் கெலுஸ்கரே. 1913இல் மூன்றாண்டு உதவித்தொகையுடன் அம்பேத்கர் கொலம்பியா சென்றார். நியூயார்க்கில் பட்டினியைப் பொருட்படுத்தாமல் பழைய நூல்களை வாங்கிக் குவித்தார். நூலகங்களில் தடையின்றி அமர்ந்து படித்த அந்த ஆண்டுகளே அவருடைய அறிவுப் பயணத்தின் அடித்தளம்.

உதவித்தொகை ஒப்பந்தப்படி பணியாற்ற 1917 செப்டம்பரில் அவர் பரோடா வந்து சேர்ந்தார். மைய நூலகம் இயங்கத் தொடங்கி ஆறேழு ஆண்டுகள் கடந்திருந்தன. நாடு முழுவதும் கட்டாயக் கல்வி நடைமுறையில் இருந்தது. தீண்டாமையைக் கண்டித்துப் பேசிய மன்னர் அரியணையில் இருந்தார். இவ்வளவும் இருந்த அந்நகரில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகள் ஏற்காது என்பதை அவர் அறிந்திருந்தார். வேறு பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்களும் கோப்புகளைத் தொலைவிலிருந்து அவர் மேசைமீது எறிந்தனர். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சிகள் அவரை விடுதியிலிருந்து வெளியேற்றினர். இந்து நண்பர் ஒருவரும் கிறித்துவ நண்பர் ஒருவரும் இடமளிக்க இயலாத நிலையைத் தெரிவித்தனர். அரசுக் குடியிருப்பு கேட்டு அவர் அளித்த விண்ணப்பம் பயன் தரவில்லை. கமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவில் மாலை வரை காத்திருந்து, இரவு இரயிலில் அவர் பம்பாய் திரும்பினார்.

மன்னரே செலவுசெய்து உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கவைத்த மனிதருக்கு மன்னரின் தலைநகரில் நேர்ந்த நிலை இது. அப்படியாயின் தொலைதூரச் சிற்றூர் ஒன்றில் பங்கியோ சமாரோ ஊர் நடுவிலுள்ள நூலகத்தின் படியேறுவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம்.

கிணற்றில் ஊற்றப்பட்ட மண்ணெண்ணெய்

சயாஜிராவ் தீண்டாமைக்கு எதிரான நிலையிலிருந்து பின்வாங்கவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 1918இல் பம்பாயில் நடைபெற்ற தாழ்த்தப்பட்டோர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். வயது எழுபதை நெருங்கிய காலத்தில், தீண்டப்படாதோருக்கான தனிப் பள்ளிகளை ஒழித்து, அப்பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்குமாறு அவருடைய அரசு ஆணையிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய தனிப் பள்ளி முறையின் குறையை அரசே உணர்ந்து எடுத்த முடிவு அது.

சாதி இந்துக்கள் அதற்களித்த பதிலை 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை பதிவுசெய்துள்ளது. சில ஊர்களில் தீண்டப்படாதோரின் பயிர்கள் அழிக்கப்பட்டன. அவர்கள் பயன்படுத்திய கிணறுகளில் மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது. தனிப் பள்ளி இருந்தவரை பொறுத்துக்கொண்டவர்கள், ஒரே கூரையின்கீழ் பிள்ளைகள் அமரவேண்டும் என்றதும் குடிநீரில் கைவைத்தனர். நூலகம் என்னும் பொது அறையில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே செய்தித்தாளைப் படிப்பது, பள்ளியில் அமர்வதைவிடச் சாதிக்குக் குறைந்த அச்சுறுத்தலாக இருந்திருக்க முடியாது.

இக்காலத்திலேயே பம்பாய் மாகாணத்தில் வேறொரு பாதை திறந்துவிட்டது. பொதுச் செலவில் உருவான நீர்நிலைகள், பள்ளிகள் முதலானவை தீண்டப்படாதோருக்கும் உரியவை என 1923இல் போலே கொண்டுவந்த தீர்மானத்தைச் சட்டமன்றம் ஏற்றிருந்தது. மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. ஆனால் எவரும் அங்கே நீரருந்த முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரின் தலைமையில் மக்கள் திரளாகச் சென்று சவுதார் குளத்தில் நீரருந்தியபோதுதான் அத்தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அதற்கு விலையாக அடியும் உதையும் பெற்றனர். உரிமை எழுத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்த அமைப்பாகத் திரண்ட மக்கள் தேவைப்பட்டனர். பரோடா பாதையில் குறைந்திருந்தது இந்தத் திரள்தான். அங்கே மன்னர் மேலிருந்து கொடுத்தார். கீழிருந்து கேட்டுப் பெறும் அமைப்பு வளரவில்லை.

சயாஜிராவ் 1939 பிப்ரவரி 6 அன்று பம்பாயில் காலமானார். அதே ஆண்டில் மோதிபாய் அமீனும் மறைந்தார். அறுபத்து மூன்று ஆண்டுகள் அரியணையில் இருந்த மன்னர் விட்டுச்சென்றவற்றுள் வங்கி, கல்லூரி, அருங்காட்சியகம், நூலகங்கள் யாவும் உண்டு. அவர் உதவியால் படித்த அம்பேத்கரோ, தாதரில் தாம் கட்டிய ராஜகிருகம் இல்லத்தைப் பெரும் நூலகமாகவே ஆக்கினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் உருவாக்கினார். ஒடுக்கப்பட்டோர் தாங்களே நிர்வகிக்கும் கல்வி நிறுவனமும் நூலகமும் வேண்டும் என்பதற்கான அனுபவத்தில் பரோடாவின் பதினொரு நாள்களுக்கும் பங்குண்டு.

பங்கிலிருந்து வரிக்கு

சென்னை மாகாணத்தில் நூலக இயக்கம் வேறொரு வழியைத் தேர்ந்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. பரோடாவில் ஊரார் விரும்பித் திரட்டிய பங்கு நூலகத்தைத் தோற்றுவித்தது. இங்கே சொத்து வரியோடு சேர்த்துக் கட்டாயமாகப் பெறப்படும் நூலக வரி அப்பணியைச் செய்கிறது. தமிழ்நாட்டில் இன்று ஒரு ரூபாய் சொத்து வரிக்குப் பத்துக் காசு நூலக வரி.

இந்த வேறுபாடு நம் மக்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. பங்கு முறையில் கொடுத்தவர் உரிமையாளர் ஆகிறார். வரி முறையில் காலனி வீட்டுக்கு வரி கட்டும் கூலித் தொழிலாளியும் நூலகத்தின் சம உரிமையாளர். நூலகத்துக்குச் செல்வது எவருடைய தயவையும் நாடிச் செல்வதாகாது. நூலகம் நம் பகுதிக்கு வரவில்லையெனில், நாம் செலுத்திய வரிக்குரிய பணி நமக்கு மறுக்கப்படுகிறது என்றே பொருள்.

ஆயினும் பரோடாவின் பழைய கேள்விகள் சட்டம் வந்ததாலேயே மறைந்துவிடவில்லை. ஒரு சிறு நகரத்தின் கிளை நூலகத்தையோ ஊர்ப்புற நூலகத்தையோ மேம்படுத்த விரும்பும் மாணவர்களும் இயக்கத்தினரும் நான்கு செய்திகளை முதலில் ஆராய வேண்டும் என நாம் கருதுகிறோம்.

முதலாவது, இடம். நூலகக் கட்டடம் எந்தத் தெருவில் உள்ளது? காலனிப் பிள்ளைகள் மாலை நேரத்தில் அங்கே அச்சமின்றிச் சென்று திரும்ப முடிகிறதா? புதிய கட்டடம் எழும்போது, ஊருக்கும் காலனிக்கும் பொதுவான சாலையோரத்தில் இடம் கேட்பது நம் உரிமை.

இரண்டாவது, பணம். உள்ளாட்சி அமைப்பு வசூலித்த நூலக வரி முழுமையாக மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சென்று சேர்ந்துள்ளதா, நிலுவை எவ்வளவு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பத்தால் இதைப் பெற்றுவிடலாம். ஆளில்லை, நேரமில்லை, நூல் வாங்க நிதியில்லை என்ற பதில்களின் பின்னணி பெரும்பாலும் அந்த நிலுவைக் கணக்கில் தெரியவரும்.

மூன்றாவது, மனிதர்கள். வாசகர் வட்டத்தில் யார் யார் இருக்கின்றனர்? நன்கொடை தந்த புரவலர்களின் பெயர்ப்பலகையே நூலகத்தின் முகமாக இருக்கிறதா? பயிற்சி பெற்ற நூலகர் முறையான ஊதியத்தில் பணியாற்றுகிறாரா, தினக்கூலியில் கதவைத் திறந்து மூடும் ஒருவரிடம் பொறுப்பு விடப்பட்டுள்ளதா? 1911இலேயே நூலகருக்குப் பயிற்சி தேவை என உணர்ந்து செலவிட்டார் சயாஜிராவ். அவரிடமிருந்து நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. வாசகர் வட்டத்தில் காலனிப் பெண்களும் மாணவர்களும் உறுப்பினராவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கூட்டமாகச் சென்று பெயர் பதிவதே தேவை.

நான்காவது, நூல்கள். அயோத்திதாசரும் அம்பேத்கரும் அடுக்கில் உள்ளனரா, கையெட்டும் இடத்தில் உள்ளனரா, பூட்டிய அலமாரியில் உள்ளனரா? போட்டித்தேர்வு நூல்களின் நடப்புப் பதிப்பு வருகிறதா? தொலைவில் வாழ்வோருக்கு நூலை எடுத்துச்செல்லும் ஏற்பாடு உண்டா? பரோடாவின் மரப்பெட்டி நூறாண்டுக்கு முன் செய்த வேலையை இன்று ஓர் இருசக்கர வண்டியால் செய்ய முடியும்.

சயாஜிராவ் நூலகத்தை அரண்மனையிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தார். ஓர் அரசரின் வாழ்நாளில் அது பெரிய பணி. அதற்குரிய மதிப்பை நாம் அளிக்கிறோம். ஊரிலிருந்து சேரிக்குக் கொண்டுசெல்லும் எஞ்சிய பணி எந்த மன்னராலும் முடிந்திருக்காது. வரி செலுத்தும் குடிமக்களாக, உறுப்பினர் அட்டையோடு நாம் அன்றாடம் சென்று அமர்வதாலும், கணக்குக் கேட்பதாலுமே அது நிறைவேறும். அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்தின் நாளைக் கேட்டறிவதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.